வாசலின் அகலமும் படியின் உயரமும்: பிளேஆஃப் விரிவாக்கம் குறித்து ஓர் ஆய்வு

2023 ஜூலை 7, 8 ஆகிய இரண்டு இரவுகளில், வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டி கிரிக்கெட் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் பிளேஆஃப் ஆட்டங்கள் நடந்தன. முதல் நாள் லைகா கோவை கிங்ஸும் திண்டுக்கல் டிராகன்ஸும் மோதின. மறுநாள் நெல்லை ராயல் கிங்ஸும் மதுரை பாந்தர்ஸும் ஆடின. 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் முன்னிலையில் திறக்கப்பட்ட அந்த மைதானம் சேலம் மாவட்டத்தின் பெருமை. ஆனால் சேலத்தின் பெயரைத் தாங்கிய அணி அந்த இரண்டு இரவிலும் களத்தில் இல்லை. 2021 முதல் 2025 வரை ஐந்து சீசன்கள் ஆடிய சேலம் ஸ்பார்ட்டன்ஸ், முதல் நான்கு இடங்களுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. எட்டு அணிகள் ஆடும் போட்டியில் நான்குக்குப் பதில் ஆறு அணிகளை அடுத்த சுற்றுக்கு அனுப்பினால் என்ன? கபடியில் அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தியக் கால்பந்தில் செய்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நான்கைப் பன்னிரண்டாக்கிவிட்டு, அதையும் பதினாறாக்கலாமா என்று வாதிடுகிறார்கள். வாசலை அகலப்படுத்தினால் நியாயம் கூடுகிறதா, குறைகிறதா? நடந்து முடிந்த போட்டிகளின் முடிவுகளையும் கொஞ்சம் எளிய கணக்கையும் வைத்து இதற்கு விடை தேட முடியும்.

லீக் கேட்பதும் நாக் அவுட் கேட்பதும்

லீக் சுற்றும் பிளேஆஃபும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. வாரக்கணக்கில், எல்லா எதிரணிகளுக்கும் எதிராக, மழையிலும் வெயிலிலும், காயம்பட்ட வீரர்களை வைத்துக்கொண்டும் அதிகம் வென்றது யார் என்பது லீக் கேட்கும் கேள்வி. இன்றைக்கு, இந்த எதிரணியை, இந்த நெருக்கடியில் வெல்வது யார் என்பது நாக் அவுட் கேட்கும் கேள்வி. முதலாவது திறமையை அளக்கிறது. இரண்டாவது துணிச்சலையும், அதனுடன் கலந்த அதிர்ஷ்டத்தையும் சோதிக்கிறது.

நம் கிராமத்துக் கபடிப் போட்டிகளில் இந்தக் குழப்பமே கிடையாது. பொங்கலை ஒட்டி ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு பக்கங்களில் ஒட்டப்படும் சுவரொட்டியைப் பாருங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம், நான்காம் பரிசு, நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான். சீட்டுக் குலுக்கி எதிரணியைத் தீர்மானிக்கிறார்கள். தோற்ற அணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. விடிவதற்குள் போட்டி முடிந்துவிடும். அது ஓர் இரவுத் திருவிழா. அங்கே வென்றவரை அந்த இரவின் வெற்றியாளர் என்றுதான் கொண்டாடுகிறார்கள். அந்த ஆண்டின் தலைசிறந்த அணி என்று யாரும் பட்டம் கட்டுவதில்லை.

வாரக்கணக்கில் லீக் நடத்தி, புள்ளிப்பட்டியல் போட்டு, கடைசியில் இரண்டு மூன்று ஆட்டங்களில் கோப்பையைக் கொடுக்கும் போட்டிகளில்தான் சிக்கல் வருகிறது. புள்ளிப்பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு, கடைசி ஆட்டங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்ற பங்கீட்டில்தான் எல்லா விவாதமும் அடங்கியிருக்கிறது.

நான்கு அணிகளின் கணக்கு

ஐ.பி.எல். போட்டியில் 2008 முதல் 2010 வரை வழக்கமான அரையிறுதிகள் இருந்தன. 2011 முதல் வேறு முறை வந்தது. முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் முதல் தகுதிச் சுற்றில் மோதுவார்கள். வென்றவர் நேராக இறுதிக்குப் போவார், தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தவர்கள் எலிமினேட்டரில் மோதுவார்கள். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1931-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியக் கால்பந்து லீக்கில் நடைமுறைக்கு வந்த பேஜ் முறை இது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் இதையே பின்பற்றுகிறது.

நான்கு அணிகளும் சம பலம் உள்ளவை, ஒவ்வோர் ஆட்டமும் பூவா தலையா போடுவது போன்றது என்று வைத்துக்கொள்வோம். பழைய அரையிறுதி முறையில் நால்வருக்கும் கோப்பை வாய்ப்பு நூற்றுக்கு 25. பேஜ் முறையில் முதல் இரண்டு அணிகளுக்குத் தலா 37.5. மூன்றாம், நான்காம் அணிகளுக்குத் தலா 12.5. ஆக, இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. புள்ளிப்பட்டியலில் உழைத்து ஏறியவருக்கு இந்த முறை தரும் கூலி அது.

நடைமுறை இந்தக் கணக்கை விஞ்சியே நிற்கிறது. 2011 முதல் 2025 வரையிலான 15 ஐ.பி.எல். சீசன்களில் பட்டியலில் முதலிடம் பிடித்த அணி 5 முறையும், இரண்டாம் இடம் பிடித்த அணி 9 முறையும் கோப்பையை வென்றிருக்கின்றன. எலிமினேட்டர் வழியாக வந்து வென்ற ஒரே அணி, 2016-இல் மூன்றாம் இடத்திலிருந்து ஏறிவந்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத். நான்காம் இடத்திலிருந்து எவரும் வென்றதில்லை; 2012-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அங்கிருந்து இறுதிவரை வந்து தோற்றது. 15-இல் 14 முறை கோப்பை முதல் இரண்டு இடத்தவரிடமே போயிருக்கிறது என்றால், ஏறிவரும் படி உயரமானது என்று பொருள். வாசல் திறந்திருக்கிறது, ஆனால் அதற்குள் நுழைவதும் பட்டத்தை எட்டுவதும் ஒன்றல்ல.

ஏழு வெற்றிகள், இரண்டு தோல்விகள்

அதே முறைதான் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும். ஆனால் அங்கே கதை வேறு மாதிரி போகிறது.

2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் எலிமினேட்டரில் சேப்பாக் சூப்பர் கில்லீஸையும், இரண்டாம் தகுதிச் சுற்றில் திருப்பூர் தமிழன்ஸையும், ஆகஸ்ட் 4 அன்று நடந்த இறுதியில் பட்டியலின் முதலிடத்தில் இருந்த லைகா கோவை கிங்ஸையும் வென்று கோப்பையை எடுத்தது. 2025-இல் நடந்தது இன்னும் கூர்மையானது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களையும் வென்றது. ஒரு தோல்விகூட இல்லை. முதல் தகுதிச் சுற்றில் திருப்பூர் தமிழன்ஸிடம் 79 ரன் வித்தியாசத்தில் வீழ்ந்தது. இரண்டாம் வாய்ப்பில் திண்டுக்கல்லிடம் 4 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஏழுக்கு ஏழு வென்ற அணி இறுதிப்போட்டிக்கே போகவில்லை. ஜூலை 6 அன்று திருப்பூர் 118 ரன் வித்தியாசத்தில் திண்டுக்கல்லை வென்று தன் முதல் கோப்பையைத் தூக்கியது.

திருப்பூரின் வெற்றியில் குறையேதும் இல்லை. விதிப்படி, சந்தேகத்துக்கு இடமில்லாமல், இரண்டு ஆட்டங்களில் ஓங்கி அடித்து வென்றார்கள். கேள்வி விதியைப் பற்றியது. ஐ.பி.எல். லீக்கில் ஓர் அணி 14 ஆட்டங்கள் ஆடுகிறது, இங்கே 7. எட்டு அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மட்டுமே மோதும் 28 ஆட்டங்களும், பிளேஆஃபின் நான்கும் சேர்ந்து 32. ஏழு ஆட்டங்களில் கிடைக்கும் பட்டியல், நல்ல அணியையும் நல்ல வாரம் அமைந்த அணியையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. ஒரு மழை, ஒரு டாஸ், கைநழுவிய ஒரு கேட்ச் மூன்றாம் இடத்தை ஆறாம் இடமாக்கிவிடும். எனவே கடைசிச் சுற்றில் பட்டியல் புரள்வதில் வியப்பில்லை.

நான்கில் மூன்று ஆட்டங்களை வெல்லக்கூடிய அசாத்தியமான அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இடத்திலிருந்து தொடங்கினாலும் அது கோப்பை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 70 மட்டுமே. பத்தில் மூன்று முறை அதன் கை வெறுங்கையாகவே இருக்கும். அதையே எலிமினேட்டரிலிருந்து தொடங்கச் சொன்னால் வாய்ப்பு 42 ஆகச் சரிகிறது. இருபது ஓவர் ஆட்டத்தின் குணமே இதுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2025-இன் பிளேஆஃப் ஆட்டங்கள் நத்தத்தில் உள்ள திண்டுக்கல் மைதானத்தில் நடந்தன. பட்டியலில் முதலிடம் பிடித்த சேப்பாக், தனக்குக் கீழே இருந்த திண்டுக்கல்லை அதன் சொந்த ஊரில் சந்திக்க வேண்டியிருந்தது. எந்த ஊருக்கு எந்தச் சுற்று என்பது முன்கூட்டியே வகுத்த ஏற்பாடு என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலிடத்து அணிக்குச் சொந்த மண் என்ற நியாயமான வெகுமதி இங்கே இல்லை என்பது உண்மை. 2023-இல் வாழப்பாடியில் சேலம் இல்லாத பிளேஆஃப் நடந்ததும் இதே ஏற்பாட்டின் மறுபக்கம்.

வாசல் அகன்றபோது

புரோ கபடி லீக் 2014-இல் எட்டு அணிகளோடும் அரையிறுதியோடும் தொடங்கியது. 2017-இல் அணிகள் 12 ஆனபோது அடுத்த கட்டத்துக்கு ஆறு அணிகள் தேறின. அந்த ஆண்டுதான் தமிழ் தலைவாஸ் களமிறங்கியது. வாசல் ஆறாக அகன்றதால் தலைவாஸுக்குக் கிடைத்ததை மறக்கக் கூடாது. 2022 சீசனில் அந்த அணி ஐந்தாம் இடம் பிடித்தது. எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 எனச் சமன் செய்து, டை-பிரேக்கரில் 6-4 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேரி பல்தானிடம் 37-39 என இரண்டே புள்ளிகளில் தோற்றது. நான்கு அணி முறையாக இருந்திருந்தால் தமிழ்நாட்டுக் கபடி ரசிகர்களுக்கு அந்த இரவே கிடைத்திருக்காது. விரிவாக்கத்தை எதிர்ப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2025-இல் அதுவும் எட்டாக அகன்றது. 12-இல் 8, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கேட்டவுடன் ‘அப்படியானால் லீக் எதற்கு?’ என்று தோன்றும். ஆனால் அமைப்பை உற்றுப் பார்த்தால் நுட்பமான ஓர் ஏற்பாடு தெரிகிறது. ஐந்து முதல் எட்டு வரையுள்ள அணிகள் ‘பிளே-இன்’ ஆட்டத்தில் தொடங்கி, ஒன்றில்கூடத் தோற்காமல் ஆறு ஆட்டங்களை வென்றால்தான் கோப்பை. மூன்றாம், நான்காம் இடத்தவர்களுக்கு ஒரு மறுவாய்ப்பு உண்டு. முதல் இருவர் நேராகத் தகுதிச் சுற்றில் ஆடுவார்கள், அவர்களுக்கும் மறுவாய்ப்பு உண்டு.

எல்லா அணிகளும் சம பலம் என்று கொண்டு கணக்கிட்டால், முதல் இரண்டு அணிகளின் வாய்ப்பு தலா 37.5. பேஜ் முறையில் இருந்த அதே எண், ஒரு துளியும் குறையவில்லை. மூன்றாம், நான்காம் இடங்களுக்குத் தலா 9.4. கடைசி நால்வருக்கும் தலா 1.6 மட்டுமே. பேஜ் முறையின் நால்வருக்கு அப்பால் உள்ளே வந்த நான்கு அணிகள் எல்லாம் சேர்ந்து பெற்றது நூற்றில் சுமார் ஆறு பங்கு; அந்தப் பங்கும் மூன்றாம், நான்காம் இடத்தவரிடமிருந்தே எடுக்கப்பட்டது, உச்சியில் இருப்பவர்களிடமிருந்து அல்ல. அந்த சீசனில் நடந்ததும் இதற்குப் பொருந்துகிறது. ஏழாம் இடத்திலிருந்து பாட்னா பைரேட்ஸ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்று பரபரப்பூட்டி, பிறகு தெலுங்கு டைட்டன்ஸிடம் தோற்றது. இறுதியில் மோதியவை பட்டியலின் முதல் இரண்டு அணிகளான புனேரி பல்தானும் தபாங் டெல்லியும்தான். டெல்லி 31-28 என வென்றது. தலைவாஸ் அந்த எட்டுக்குள்ளும் வரவில்லை. எவ்வளவு அகன்ற வாசலும், லீக்கில் வெல்லாத அணியை உள்ளே இழுத்துப் போட்டுவிடாது.

கால்பந்தில் நம் அனுபவம் இன்னும் சிக்கலானது. சென்னையின் எஃப்.சி. வென்ற இரண்டு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பைகளும் பட்டியலைப் புரட்டிப் போட்டு வந்தவை. 2015-இல் மூன்றாம் இடத்திலிருந்து வந்து, முதலிடத்து எஃப்.சி. கோவாவை அதன் சொந்த மண்ணில் 3-2 என வீழ்த்தியது. 2018 மார்ச்சில், லீக்கில் தன்னைவிட எட்டுப் புள்ளிகள் முன்னால் இருந்த பெங்களூரு எஃப்.சி.யை பெங்களூரிலேயே அதே 3-2 என வென்றது. 2019-20 சீசனில் நான்காம் இடத்தில் நுழைந்து, மீண்டும் முதலிடத்தில் இருந்த கோவாவை அரையிறுதியில் வெளியேற்றியது. அந்த இரவுகளின் மகிழ்ச்சியை எந்தக் கணக்கும் பொய்யாக்காது. அதே வேளையில், பெங்களூரும் கோவாவும் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த புள்ளிகளுக்கு என்ன மரியாதை என்ற கேள்வியும் பொய்யல்ல.

அந்தக் கேள்விக்கு ஐ.எஸ்.எல். ஒரு நல்ல பதில் கண்டது. 2019-20 முதல் லீக்கில் முதலிடம் பெறும் அணிக்குத் தனியே ஒரு கேடயம் வழங்கத் தொடங்கியது. கோவா முதல் கேடயத்தைப் பெற்று, அதன் மூலம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கிலும் இடம் பிடித்தது. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பரிசுகள். 2022-23-இல் பிளேஆஃபை நான்கிலிருந்து ஆறாக விரித்தபோதும் அதனால் பெரிய காயம் ஏற்படவில்லை. முதல் இருவரும் நேராக அரையிறுதிக்குப் போனார்கள், மற்ற நால்வரில் மேலிடத்தவருக்குச் சொந்த மைதானம் கிடைத்தது. 2023-24-இல் ஆறாம் இடத்தில் நுழைந்த சென்னையின் எஃப்.சி., கோவாவுக்குப் போய் 1-2 எனத் தோற்றுத் திரும்பியது.

அமெரிக்கா தரும் எச்சரிக்கை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம். ஆனால் அங்கு நடக்கும் விவாதம் நமக்குப் பாடம் தரும். முதல்நிலைப் பிரிவில் 2024-இல் 134 பல்கலைக்கழக அணிகள் இருந்தன. எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியாது. ஆகவே பொதுவான புள்ளிப்பட்டியலே கிடையாது. ஒரு தேர்வுக்குழு கூடித் தரவரிசை போடுகிறது. 2014 முதல் நான்கு அணிகள் மட்டும் தேர்வாயின. 2023-இல் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி 13 ஆட்டங்களில் 13-ஐயும் வென்றது. அதன் முன்னணி வீரர் காயம்பட்டிருந்த நிலையில், குழு அந்த அணியை வெளியே நிறுத்தியது. எல்லா ஆட்டமும் வென்றும் இடம் இல்லை என்றால் விரிவாக்கக் கோரிக்கை நியாயமானதே.

2024 சீசனில் அது 12 ஆனது. வட்டாரப் பிரிவுகளில் பட்டம் வென்ற அணிகளில் தரவரிசையில் முந்திய நான்குக்கு, முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் ‘பை’ தரப்பட்டது. மற்ற எட்டில் மேலிடத்து நால்வர் தங்கள் மைதானத்தில் ஆடினார்கள், நால்வருமே வென்றார்கள். அடுத்த சுற்று பொதுவான மைதானங்களில் நடந்தது. ‘பை’ பெற்றிருந்த ஓரிகான், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் ஆகிய நான்கு அணிகளும் அதில் தோற்று வெளியேறின. எட்டாம் இடத்திலிருந்து வந்த ஒஹாயோ ஸ்டேட், 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என வென்று பட்டம் சூடியது. மேலிடத்தவருக்கு ஒரு சுற்று ஓய்வு கிடைத்தது. மறுவாய்ப்பும் சொந்த மண்ணும் கிடைக்கவில்லை. சம பலக் கணக்கில் அந்த அமைப்பில் முதல் நால்வரின் வாய்ப்பு தலா 12.5, மற்ற எட்டுக்கும் தலா 6.25. புரோ கபடியில் முதல் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் 24 மடங்கு வித்தியாசம். இங்கே இரண்டே மடங்கு. அகலத்தைக் கூட்டியவர்கள் படியைத் தாழ்த்திவிட்டார்கள்.

விகிதத்தையும் மறக்கக் கூடாது. 134-இல் 12 என்பது நூற்றுக்கு ஒன்பது. ஐ.பி.எல்.லில் பத்துக்கு நான்கு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஏற்கெனவே பாதிக்குப் பாதி. அங்கே எழும் கோரிக்கையை இங்கே அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது. எட்டில் ஆறு என்றாகிவிட்டால், லீக் முழுவதும் இரண்டு அணிகளை வெளியேற்றுவதற்கான சடங்காகிவிடும்.

நம் ஊர்களுக்கு எது வேண்டும்

இந்த முடிவுகளிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: எத்தனை அணிகள் உள்ளே வருகின்றன என்பதைவிட, உள்ளே வந்தவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதே முக்கியம். மேலிடத்தவருக்கு மறுவாய்ப்பும் சொந்த மைதானமும் இருந்தால், வாசலை அகலப்படுத்துவதால் லீக்கின் மதிப்பு குறையாது. கடைசி வாரம் வரை அதிக ஊர்களில் நம்பிக்கை உயிரோடு இருக்கும். அவை இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், கூடுவது தொலைக்காட்சிக்கான ஆட்டங்கள்தான்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கு உடனே தேவை ஆறு இடங்கள் அல்ல, நீண்ட லீக். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளை இருமுறை சந்தித்தால் 14 ஆட்டங்கள் கிடைக்கும்; நான்காம் இடம் யாருடையது என்பது அப்போது நம்பத்தக்கதாக இருக்கும். செலவும் நாட்களும் கூடும் என்பது உண்மையே. அது முடியாத வரையிலும், லீக்கில் முதலிடம் பெறும் அணிக்கு ஐ.எஸ்.எல். போல ஒரு கேடயத்தையாவது கொடுக்கலாம். ஏழுக்கு ஏழு வென்றவர்களின் கையில் அந்த சீசனைச் சொல்ல ஒரு பொருளாவது மிஞ்ச வேண்டும். நீண்ட லீக்கால் சின்ன ஊர்களுக்கும் பயன் உண்டு. சேலத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த தங்கராசு நடராஜனை 2016-இல் இந்த லீக்கில் வீசிய யார்க்கர்கள்தான் வெளியுலகுக்குக் காட்டின. அப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதலாக வேண்டியது கோப்பை வாய்ப்பை விடவும் ஆட்ட வாய்ப்புகள்.

இதே நியாயம் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழக அணியில் இடம்பெறும் ஒரு கால்பந்து மாணவரை நினைத்துப் பாருங்கள். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த அணி அது. அடுத்தது தென்மண்டலப் போட்டி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என ஐந்து மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் அதில் குவியும். முதல் சுற்றுகள் நாக் அவுட்; கடைசி நான்கு அணிகள் மட்டுமே லீக் ஆடும், அந்த நால்வரே அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து போய் இறங்கி, மறுநாள் காலை ஆடி, ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. சிலருக்கு மூன்றாண்டுப் படிப்பும் அத்துடன் முடிந்துவிடும்.

அங்கேதான் வாசல் உண்மையிலேயே குறுகலாக இருக்கிறது. தொடக்கத்திலேயே நான்கு நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி செய்து, பிறகு நாக் அவுட்டுக்குப் போகலாம். மண்டலத்தை இரண்டாகப் பிரித்தால் பயணமும் குறையும். பெரிய லீக்குகளின் பிளேஆஃப் பற்றி நாம் வாதிடும் நேரத்தில் ஒரு பங்கை இந்த மாணவர்களுக்குத் தர வேண்டும். ஆத்தூரிலிருந்தோ பரமத்தி வேலூரிலிருந்தோ பை தூக்கிப் போகும் பிள்ளை, தோற்ற மறுநாளும் களத்தில் இறங்கித் தன் தவறைத் திருத்தி ஆட ஓர் ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும்.